வல்லநாட்டுச் சாலையும் மணியாச்சி வண்டியும்

இனிகோ நாற்பத்தாறு வயதில் ரயிலுக்கு மாறினார். அதற்கு முன்பு ஆறு வருஷம் காரில் போய் வந்தவர். வேலை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில்; வீடு பாளையங்கோட்டைக்குக் கிழக்கே கேடிசி நகரில். பிறந்து வளர்ந்ததென்னவோ தூத்துக்குடி திரேஸ்புரம்தான். அப்பா சங்கு குளித்தவர். ஆனால் மனைவி ஜெர்லினுக்குப் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை வேலை நிரந்தரமாகி, மகளின் படிப்பும் அங்கேயே அமைந்துவிட, வீட்டில் யாராவது ஒருவர் தினமும் ஐம்பது கிலோமீட்டர் போய் வந்தாக வேண்டும் என்று ஆனது. அந்த ஒருவர் இனிகோ.

யார்டில் அவருக்கு சர்வேயர் என்று பெயர். காலிக் கண்டெய்னர் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு தின்றிருக்கிறது என்று எழுதுவார். கடைசியில் உள்ளே போய் நின்றுகொண்டு கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்வார். கும்மிருட்டு. கூரையிலோ பக்கத்துத் தகட்டிலோ ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். மற்ற சர்வேயர்கள் ஐந்து எண்ணுவதற்குள் கதவைத் தட்டிவிடுவார்கள். இனிகோ நிதானமாக நிற்பார். அவருக்கு அந்த இருட்டு பிடிக்கும். அங்கே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

பேச்சு அவருக்கு வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி பரிமாறுகிற இடத்தில் போய் நின்றுகொள்வார். வாளியைக் கையில் பிடித்திருப்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் சுடலைராஜின் காரில் பேசுகிற வேலை வாய்த்தது.

சுடலைராஜ் முறப்பநாட்டுக்காரன். ஆற்றங்கரையில் நெல் வயல் உள்ள குடும்பம். குடியிருப்பு பாளையங்கோட்டை சமாதானபுரத்தில். கண்டெய்னரைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற பெரிய வண்டியை யார்டில் அவன்தான் ஓட்டினான். இருபது டன் பெட்டியை ஐந்தாவது அடுக்கில் பூ மாதிரி கொண்டுபோய் வைப்பான். ஆனால் காரில் ஏறி நாலுவழிச் சாலையைப் பிடித்தால் பத்தாவது நிமிடத்தில் அவனுக்குக் கண் சொருகும். அது உடம்பின் வாகு. டாக்டரிடமும் காட்டினான்; அவர் இரவில் நன்றாகத் தூங்கச் சொன்னார். இரவிலும் அவன் நன்றாகத்தான் தூங்கினான்.

"ஏலே இனிகோ, நீ பக்கத்துல இருந்து பேசிட்டே வா. எதையாவது பேசு. உன் பேச்சு நின்னா என் கண்ணும் நின்னுரும்," என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

அந்தச் சாலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. காலையில் கிழக்கே போகும்போது சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். மாலையில் மேற்கே திரும்பும்போதும் முகத்தில்தான். போகும்போதும் வரும்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஓட்ட வேண்டும். சுருங்கின கண்ணுக்கும் தூங்கின கண்ணுக்கும் நடுவே அதிக தூரமில்லை.

எனவே இனிகோ பேசினார். அப்பா கடலடியில் பார்த்ததையெல்லாம் சொன்னார். திரேஸ்புரத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று சொன்னார். அது தீர்ந்ததும் முந்தின நாள் பேப்பரைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொன்னார். கொலை, கள்ளக்கடத்தல், கிரிக்கெட், வெற்றிலை விலை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பேப்பரில் பேனாவால் கோடு போடுவதைப் பார்த்து மகள் சிரிப்பாள். நான்கு வருஷம், ஐந்து வருஷம் போயிற்று. சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் போன ஒரு நாளில், தன்னிடம் மிச்சமிருந்த ஒரே ஒரு கதையையும் சொல்லிவிட்டார்.

பதினேழு வயதில் அவர் சாமியாராகப் போக வேண்டுமென்று குருமடத்தில் சேர்ந்தவர். மூன்றாம் வருஷம், பழகுவதற்காக ஒவ்வொரு மாணவனும் பீடத்தில் நின்று பிரசங்கம் செய்ய வேண்டும். இனிகோ ஏறி நின்றார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கீழே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பதினோரு நிமிடம் நின்றார். பிறகு இறங்கி, அறைக்குப் போய், பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஜெர்லினுக்குக்கூடத் தெரியாது, உடம்பு சரியில்லாமல் திரும்பினதாக அவளிடம் சொல்லியிருந்தார்.

சுடலைராஜ் அன்று சிரிக்கவில்லை. "பதினோரு நிமிஷமாலே!" என்று மட்டும் கேட்டான். அந்த வாரமே ஒரு மத்தியானம், யார்டு கேண்டீனில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சு மேல் ஏறினான். "இப்பம் ஃபாதர் இனிகோ பிரசங்கம் வைப்பாரு, எல்லாரும் அமைதியாக் கேளுங்க," என்று அறிவித்துவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினான். கேட்டில் சீட்டுப் பதிகிற மாரிச்செல்வத்துக்குக் குடித்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. அத்தனை பேரும் சிரித்தார்கள். இனிகோவும் சிரித்தார். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மாலையில் காரில் சுடலைராஜ் கேட்டான்: "என்னலே, கோவமா?"

"இல்ல வே."

"சும்மா விளையாட்டுக்குத்தாம்லே."

"தெரியும்வே," என்று சொல்லிவிட்டு, இனிகோ முந்தின நாள் பேப்பரில் கோடு போட்டு வைத்திருந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கேடிசி நகரில் இறங்கும்போது அவருக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது.

மறுநாள் காலை அவர் ஆறேகாலுக்கே கிளம்பினார். "இன்னைக்குச் சீக்கிரம் போகணும்," என்றார் ஜெர்லினிடம். வழக்கமாக ஏழே முக்காலுக்குச் சுடலைராஜ் கார் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். இனிகோ பஸ் பிடித்துத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனார், தூத்துக்குடி பாசஞ்சருக்கு டிக்கெட் வாங்கினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், போனை அணைத்துப் பைக்குள் போட்டார். சுடலைராஜுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பான். அதற்கும் பேச வேண்டும்.

ரயில் சுற்றுவழி. கார் நேராகக் கிழக்கே போகும். ரயிலோ வடக்கே மணியாச்சி வரை ஏறி, அங்கே எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிற வரைக்கும் காத்துக் கிடந்து, பிறகு தூத்துக்குடிக்கு இறங்கும். இறங்கின இடத்திலிருந்து யார்டுக்கு இன்னொரு பஸ். காரில் ஒரு மணி நேரம் என்றால் இதில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஆனால் அன்று இனிகோவுக்கு அது நீளமாகத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கரிசல் காடும் உடைமரமும் காற்றாடிக் கம்பங்களும் ஓடிக்கொண்டிருந்தன. மணியாச்சியில் ஒரு டீ குடித்தார். தட்டப்பாறை தாண்டும்போது, இத்தனை வருஷமும் இதில் வராமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு காலைப்பொழுது அவருக்கு அமைந்து வெகுநாள் ஆகியிருந்தது.

தூத்துக்குடி ஸ்டேஷனில் போனை உயிர்ப்பித்தார். தவறிய அழைப்புகள் என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. சுடலைராஜ் நான்கு முறை கூப்பிட்டிருந்தான். ஏழு நாற்பத்தாறு, ஏழு நாற்பத்தொன்பது, ஏழு ஐம்பத்து மூன்று, எட்டு இரண்டு. இனிகோவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. தேடட்டும். அவன் மறுபடி கூப்பிடுவான் என்று போனைத் திரும்பவும் அணைத்துவிட்டு, துறைமுகம் போகிற பஸ்ஸில் ஏறினார்.

யார்டு கேட்டில் மாரிச்செல்வம் அவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தான். எழுந்தவன் பின்னால் இரண்டடி நகர்ந்தான்.

"அண்ணாச்சி... நீங்க கார்ல வரலையா?"

"இல்ல. ரயில்ல வந்தேன். ஏன்?"

மாரிச்செல்வம் விஷயத்தைச் சொன்னான். ஆற்றுப் பாலம் தாண்டி, வல்லநாட்டுக்குப் பக்கத்தில், சாலையோரம் நின்ற உப்பு லாரியின் பின்னால் சுடலைராஜின் கார் போய்ச் செருகியிருந்தது. பிரேக் போட்ட தடமே தரையில் இல்லையாம். எட்டு மணி சுமாருக்கு நடந்தது என்றார்கள். காரின் முன்பக்கம் இடதுபுறம் முழுக்க நொறுங்கிக் கிடந்ததால், எப்போதும் அங்கே உட்காருகிற ஆளும் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். யார்டிலிருந்து யாரோ ஜெர்லினுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள்.

இனிகோ போனை எடுத்து உயிர்ப்பித்து மனைவியைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள். ஆட்டோ ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஜெர்லின், நான்தான். எனக்கு ஒண்ணுமில்ல."

ஆட்டோ நின்ற சத்தம் மட்டும் கேட்டது.

சுடலைராஜை முறப்பநாட்டில் ஆற்றங்கரையில் எரித்தார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற இனிகோவின் தோளைத் தொட்டுத் தொட்டு ஆட்கள் போனார்கள். "தப்பிச்சிட்டீரே வே," என்றார்கள். "கடவுள்தான் உம்மை ரயில்ல ஏத்திவிட்டிருக்காரு." ஜெர்லினின் அக்கா, உயிர் காத்ததற்கு நன்றிப் பூசை ஒன்று கொடுக்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கொடுத்தார்கள். பீடத்திலிருந்து சாமியார் அவர் பெயரை வாசித்து, இந்தச் சகோதரரை விபத்திலிருந்து காத்த இறைவனுக்கு நன்றி என்று சொன்னபோது, இனிகோ முழந்தாளில் நின்றபடி முன்பெஞ்சின் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

போனில் வந்து விழுந்த அந்தத் தவறிய அழைப்புச் செய்தியை அவர் அழிக்கவில்லை. யாருக்கும் காட்டவுமில்லை. எட்டு இரண்டு. லாரி டிரைவர் போலீசில் சொன்ன நேரம் எட்டு மணி சுமார். சுமார் என்பது எட்டா, எட்டு ஒன்றா, எட்டு இரண்டா? எட்டு இரண்டு என்றால், சுடலைராஜ் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, அணைந்து கிடந்த இன்னொரு போன் மணி அடிக்கும் என்று காத்திருந்த நேரம் அது.

அன்றிலிருந்து ரயில்தான். போனை அவர் பூசையிலும் அணைப்பதில்லை. பையில் கிடக்கிற போன் துடிப்பதுபோல் இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தட்டப்பாறை நெருங்கும்போது தினமும் அப்படி. அதைவிட மோசம் வேறொன்று. பேப்பரை விரித்தால், எதையெல்லாம் சுடலைராஜிடம் சொல்லலாம் என்று கண் தானாகத் தேடும். விளாத்திகுளம் பக்கம் ஒருத்தன் கிணற்றில் விழுந்த ஆட்டைக் காப்பாற்றப் போய் மூன்று நாள் உள்ளே கிடந்தான் என்று போட்டிருந்தால், அதை எப்படித் தொடங்கிச் சொன்னால் அவன் விழித்திருப்பான் என்று மனசு கூட்டிப் பார்க்கும். உதடு அசையும். எதிரே இருப்பவர்கள் அவர் ஜெபமாலை சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள். ஒருமுறை சத்தமாகவே, "கேட்டீரா வே," என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் தன் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

ஜெர்லின் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது மட்டும், "இன்னைக்கு எதுல?" என்பாள். "ரயில்." நேற்றும் ரயில்தான், அதற்கு முந்தின நாளும் ரயில்தான். இருந்தாலும் கேட்பாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சுடலைராஜின் மனைவி பேச்சிச்செல்வி வீட்டுக்கு வந்தாள். யார்டு ஆபீசில் கம்ப்யூட்டரில் பதிகிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகள்; பெரியவள் நாலாம் வகுப்பு, சின்னவள் ஒன்றாம் வகுப்பு.

"அண்ணே, ரயிலா காரா? ரெண்டுலயும் போனவிய நீங்க ஒருத்தர்தான். அதான் கேக்க வந்தேன்."

"ரயிலும்மா," என்றார் இனிகோ உடனே. "நேரம் கூடத்தான். ஆனா ரயில்தான்."

"ரயில்னா ஆறு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பணும். பிள்ளையளுக்குத் தலை சீவி விட ஆள் இல்ல. கார்னா பள்ளிக்கூட வாசல்ல இறக்கிவிட்டுட்டு அப்படியே போயிருவேன். சாயந்திரமும் இருட்டுறதுக்குள்ள வந்துருவேன்." அவள் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தாள். அவள் அண்ணன் ஒரு பழைய காரைக் கொடுத்திருந்தான். "கார்லதான் போணும்னு எனக்குத் தெரியுது. ஆனா அந்த இடத்தை நான் பார்த்ததே இல்ல. தெரியாம ஒரு நாள் அதைத் தாண்டிப் போயிரக் கூடாது. நாளைக்குச் சனிக்கிழமை. நீங்க கூட வந்து காட்டுங்க."

இனிகோவும் அந்தச் சாலையில் இரண்டு வருஷமாகக் கால் வைக்கவில்லை. ஆனால் அவரால் மறுக்க முடியவில்லை.

"அவிய போன நேரத்துக்கே போவோம்," என்றாள் பேச்சிச்செல்வி.

மறுநாள் ஏழே முக்காலுக்குத் தெருமுனையில் கார் வந்து நின்றது. ஜெர்லின் வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனிகோ முன்சீட்டில் இடதுபக்கம் ஏறி பெல்ட்டை மாட்டினார்.

அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். நிதானம், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். முறப்பநாடு கடந்தது. வெயில் கண்ணாடி முழுக்கப் பரவி எதிரே ஒன்றுமே தெரியாமல் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"பேசுங்கண்ணே," என்றாள். "நீங்க பேசிட்டே வருவீயன்னு அவிய சொல்லுவாவ. வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் எங்கிட்டயும் சொல்லுவாவ. உங்க அப்பா கடலுக்குள்ள பார்த்த கதையெல்லாம் எனக்குத் தெரியும்."

இனிகோ வாயைத் திறந்தார். பாலம் வந்தது, கீழே ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது. பாலம் முடிந்தது.

"அன்னைக்கு அவன் எனக்கு நாலு தடவை போன் பண்ணினாம்மா. நான் வேணும்னே அணைச்சு வச்சிருந்தேன். ரயில்ல போறேன்னும் சொல்லல. கேண்டீன்ல என்னை வச்சுச் சிரிச்சான்னு கோவம். ஸ்டேஷன்ல இறங்கிப் பார்த்தேன். பார்த்துட்டு மறுபடியும் அணைச்சேன்."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த இடம்?"

"அந்தா, அந்தப் பச்சைப் பலகைக்கு முன்னால."

அவள் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினாள். இருவரும் இறங்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லை. சரளைக்கல், காய்ந்த புல், யாரோ வீசிய தண்ணீர் பாட்டில். லாரிகள் கடந்து போகும்போது கார் லேசாக ஆடியது.

"எனக்குத் தெரியும்," என்றாள் பேச்சிச்செல்வி. "ஆஸ்பத்திரியில அவிய போனை எங்கிட்டதான் கொடுத்தாவ. கண்ணாடி கீறியிருந்துச்சு, ஆனா வேலை செஞ்சுது. முதல்ல பார்த்தது அதைத்தான். உங்க பேரு நாலு தடவை. கடைசி எட்டு ரெண்டு. போலீஸ்காரங்க கேக்குறதுக்கு முன்னால நான் அதை அழிச்சிட்டேன். உங்களுக்காகன்னு நினைச்சிராதீய. போன் பேசிட்டே ஓட்டினான், தப்பு அவன் பேர்லன்னு எழுதிருவாங்க. அதுக்காக அழிச்சேன்."

இரண்டு வருஷம் அவர் தனியாகச் சுமந்ததாக நினைத்ததை, சமாதானபுரத்து வீட்டில் இவளும் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"எதுக்குக் கூப்பிட்டாவன்னுதான் தெரியல," என்றாள். "முதல் மூணும் உங்களைத் தேடிக் கூப்பிட்டது. உங்க வீட்டு முனையில நின்னுருப்பாவ. ஆனா கிளம்பி வந்தப்புறம், எட்டு ரெண்டுக்கு எதுக்கு? நீங்க என்ன நினைக்கீய? பொய் சொல்லாம சொல்லுங்க."

மன்னிப்புக் கேட்க, என்று சொல்லலாம். என்னைச் சும்மா விசாரிக்க, என்று சொல்லலாம். இனிகோ அதையெல்லாம் இரண்டு வருஷமாகத் தனக்கே சொல்லிப் பார்த்தவர்.

"தூக்கம் வந்திருக்கும்மா," என்றார். "என் குரல் கேட்டா முழிச்சிருக்கலாம்னு கூப்பிட்டிருப்பான்."

பேச்சிச்செல்வி தலையை ஆட்டினாள். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றாள். அழவில்லை. ஸ்டியரிங்கின் மேல் விரலால் தட்டிக்கொண்டே ரொம்ப நேரம் அந்தச் சரளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்து, விளக்கைப் போட்டு, வண்டியைச் சாலைக்கு ஏற்றினாள். துறைமுகம் வரை போய், யார்டு கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வழியில் இருவரும் பேசவில்லை. அவளுக்குக் கண் சொருகவும் இல்லை.

கேடிசி நகரில் இறங்கும்போது சொன்னாள்: "திங்கக்கிழமையிலேருந்து நான் கார்ல வாரேன். நீங்க என்கூட வர வேண்டாம். கோவம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காகச் சொல்லல. ஓட்டும்போது யாரும் பேசக் கூடாது எனக்கு. ரோட்டை மட்டும் பார்க்கணும்."

"சரிம்மா," என்றார்.

வீட்டுக்குள் ஜெர்லின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இனிகோ அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். குருமடத்தில் பதினோரு நிமிடம் நின்றதையும், போனை இரண்டாவது தடவை அணைத்ததையும் சொன்னார். அவள் சாளை மீனை ஒவ்வொன்றாக எடுத்துச் செதிலைச் சுரண்டி முடித்து, கையைக் கழுவினாள்.

"அன்னைக்கு நான் பன்னிரண்டு தடவை கூப்பிட்டேன்," என்றாள். "சார்ஜ் இல்லாம அணைஞ்சிருக்கும்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன்." சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, "அந்த ஆட்டோவுல வச்சே உங்களை நான் அடக்கம் பண்ணிட்டேன். எந்தச் சட்டை போடணும்னு வரைக்கும் யோசிச்சிட்டேன். அப்புறம் நீங்க பேசினீங்க. திரும்ப எழுப்பத் தெரியல எனக்கு," என்றாள்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் மீன்குழம்பு சாப்பிட்டார்கள். மகள் மட்டும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

பேச்சிச்செல்வி வேலைக்கு வரத் தொடங்கினாள். ரயிலும் பஸ்ஸும் சேர்ந்து இனிகோவைக் கேட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும். அவள் கார் ஐந்து நிமிடம் கழித்து வரும். அதைப் பார்க்கிற வரை அவர் உள்ளே போவதில்லை. கேட்டுக்கு வெளியே, பூவரச நிழலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார். கார் வரும். அவள் சில நாள் தலையசைப்பாள், சில நாள் பார்க்காத மாதிரி போவாள். ஆபீசில் எதிர்ப்பட்டால் பெட்டி நம்பரைக் கேட்பாள், அவர் சொல்வார். அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு நாள், விடியற்காலையில் பிடித்த மழை விடவில்லை. ஒன்பது மணி ஆயிற்று, கார் வரவில்லை. ஒன்பதேகால். பூவரசிலிருந்து தண்ணீர் கொட்டியது. இனிகோ அங்கேயே நின்றார்.

"அண்ணாச்சி, உள்ள வாங்க, நனையுதீய," என்றான் மாரிச்செல்வம் கூண்டுக்குள் இருந்து. "வேணும்னா ஒரு போனைப் போட்டுப் பாருங்களேன்."

"வேண்டாம்லே. ஓட்டிட்டு இருப்பா."

"நான் போடட்டுமா?"

"போடாதே!" என்று இனிகோ கத்திவிட்டார். அந்த யார்டில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மாரிச்செல்வம் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

ஒன்பது நாற்பத்தைந்துக்குக் கார் வந்தது. முன்விளக்கு இரண்டும் எரிய, தண்ணீரைப் பிளந்துகொண்டு மெதுவாக வந்து அவர் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"புதுக்கோட்டைகிட்ட மரம் சாஞ்சு கிடந்துச்சு. வெட்டி அப்புறப்படுத்துத வரைக்கும் நின்னேன்," என்றாள் பேச்சிச்செல்வி. பிறகு அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "எம்புட்டு நேரமா நிக்கீய?"

"இப்பத்தாம்மா வந்தேன்."

அவர் சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரை அவள் பார்த்தாள். "உள்ள போங்கண்ணே. தலையைத் துவட்டுங்க," என்றாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அன்றுதான்.

மாலையிலும் மழை கொட்டியது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, திருநெல்வேலி வண்டி இல்லை என்றார்கள். பஸ்ஸும் வரக் காணோம். கேட்டில் நின்றவர்களைத் தாண்டி வந்து, பேச்சிச்செல்வியின் கார் அவர் பக்கத்தில் நின்றது.

"ஏறுங்க," என்றாள்.

முன்சீட்டில் சின்னவளின் மழைக்கோட்டும் சாப்பாட்டுக் கூடையும் கிடந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. இனிகோ பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

கண்ணாடி துடைப்பான் மட்டும் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. வல்லநாடு வந்தபோது எதிர்ப்பக்கத்து ஓரத்தை இருவரும் பார்த்தார்கள், மற்றவர் பார்த்ததும் இருவருக்கும் தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. பாலத்தில் ஆறு சிவப்பாக, கரைதொட்டு ஓடியது. ஐம்பது கிலோமீட்டரும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய பின்தலையையும், அதற்கு அப்பால் நனைந்த சாலையையும் பார்த்துக்கொண்டே விழித்திருந்தார்.

கேடிசி நகர் தெருமுனையில் ஜெர்லின் குடையோடு நின்றிருந்தாள். ரயில் இல்லை என்று மகள் டிவியில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். கணவன் காரிலிருந்து இறங்கியதும் அவள் குனிந்து கார் ஜன்னலில், "பார்த்துப் போ, பேச்சி," என்றாள்.

"வாரேன்க்கா," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மறுநாள் மழை வெறித்து, தண்டவாளத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. இனிகோ ஆறேகாலுக்கு ஜங்ஷன் பஸ்ஸைப் பிடித்தார்.